குங்குமம் வைத்த கட்டை

ஏகநாதன் என் கடைக்கு முதன்முதலாக வந்தது தன் முதலாளிக்கு ஒரு கடிதம் அடித்து வாங்கத்தான். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது என் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அப்புறம் நான். பெயர் ஜெரூஷா. பத்தொன்பது வருடமாக ஊரார் மனுக்களை அடித்துக் கொடுக்கிறேன். பட்டா கேட்டு, முதியோர் பென்ஷன் கேட்டு, பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்லி, எல்லாம் அடித்தாயிற்று. எந்த மனுவாக இருந்தாலும் அதில் ஓரமாகவாவது கொஞ்சம் கோபம் இருக்கும். இந்த மனிதர் சொன்னதில் அது மருந்துக்கும் இல்லை. "மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு, தங்கள் குடும்பத்தினர் நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்கச் சொன்னார். எனக்கு அங்கேயே எரிச்சல் வந்துவிட்டது.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு இப்பதானே சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நலமறிய ஆவல்?"

"கேக்கணும் இல்லக்கா. அவங்க அம்மாவுக்கு மூட்டு வலி" என்றார்.

நாற்பத்தாறு வயது. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, ஒல்லியான உடம்பு. வந்ததிலிருந்து வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இஎஸ்ஐ கார்டை நகல் எடுக்கக் கேட்டேன். இடது கையால் எடுத்து நீட்டும்போது கார்டு நழுவிக் கீழே விழப் பார்த்தது. அதைப் பிடிக்க வலது கை தானாக வெளியே வந்துவிட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை.

"பிரஸ்ல போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. உட்காரச் சொல்லி விசாரித்தேன். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறியது. அதில் பாதி கம்பெனி மேல், மீதி இந்த மனிதர் மேல்.

ஏகநாதன் பிறந்து வளர்ந்தது அனகாபுத்தூர், ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. பம்மல் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் பதினாறு வருடம் பவர் பிரஸ் ஓட்டினார். கார் கதவுக்குள்ளே போகும் ஒரு இரும்புத் துண்டு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தகட்டை மெஷினுக்குள் வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடித்து வெட்டும். வெட்டியதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதேதான்.

அந்த மெஷினில் பாதுகாப்புக்கு ஓர் ஏற்பாடு உண்டு. இடப்பக்கம் ஒரு பச்சைப் பட்டன், வலப்பக்கம் ஒரு பச்சைப் பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது எந்தக் கையும் உள்ளே மாட்டாது. யோசித்துச் செய்தவன் நல்லவன்தான். ஆனால் அவன் சொன்னபடி ஓட்டினால் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு துண்டுதான் வரும், கம்பெனி கேட்டது மூவாயிரம். அதனால் ஆறு பிரஸ்காரர்களும் வலப்பக்கப் பட்டனை எதையாவது வைத்து நிரந்தரமாக அழுத்திவைத்துவிடுவார்கள். இடது கை மற்றப் பட்டனைத் தட்டும். வலது கை தகட்டை வைக்கும், எடுக்கும்.

முதலில் மடித்த அட்டை, சைக்கிள் டியூப் என்று எதையெதையோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் நழுவிவிடும். நழுவாத ஒன்றைச் செய்து கொடுத்தவர் ஏகநாதன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அனகாபுத்தூர் வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது. அன்றைக்கு இவர் வீட்டில் இல்லை. கம்பெனியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, டை என்று சொல்லும் இரும்பு அச்சுகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவி நாகலக்ஷ்மி கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டு மாடியில். தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் மிஞ்சிய சாமான் ஒரு தேக்குக் கட்டில், அதுவும் பலகை உப்பி வீணாகிப் போயிருந்தது. அந்தக் கட்டில் காலை அறுத்து, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஆறு கட்டைகள் செய்தார். பட்டனுக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டு தட்டினால் அசையவே அசையாது.

"நம்ம முதலாளி பாத்துட்டு, படிக்காமலே இன்ஜினியர்யா நீன்னு சொன்னாருக்கா" என்று என்னிடம் சொன்னபோதும் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. விரல் போன கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெருமை. எனக்கு எதிரே இருந்த ஸ்டேப்ளரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

பெரிய கார் கம்பெனியிலிருந்து சோதிக்க ஆட்கள் வருவார்கள். அன்றைக்குச் சூப்பர்வைசர் ஸ்டெபின் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் ஆறு கட்டைகளையும் அதில் வாங்கிக்கொள்வான். சோதனைக்காரர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பக் கொடுத்துவிடுவான். யாருடைய கட்டை யாருடையது என்று மாறிவிடக் கூடாது என்பதற்காக ஏகநாதன் ஒவ்வொன்றிலும் ஆணியால் எண் கீறிவைத்திருந்தார்.

விபத்து நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதம், காலை டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரு துண்டு அச்சில் ஒட்டிக்கொண்டது. வலது கை அதை எடுக்க உள்ளே போனது. இடது கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிவிட்டது. ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை தட்டுகிற கைக்கு யோசனை எதற்கு? பக்கத்து பிரஸ்காரர் ஆபேல் ஓடிவந்து மெயினை அணைத்தார். சக்கரத்தைக் கையால் சுற்றி அச்சை மேலே ஏற்றி, தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிவிட்டவரும் ஆபேல்தான். விரல்கள் கூழாகிவிட்டதால் ஒட்டவைக்க வழி இல்லை.

வேனில் ஏற்றினார்கள். இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேன் வேறு பக்கம் திரும்பி ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வழியிலேயே ஸ்டெபின் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினானாம்.

"அண்ணா, கம்பெனியில அடிபட்டதுன்னு சொன்னா இன்ஸ்பெக்டர் வருவான். பூட்டு போட்டுடுவான். முப்பது குடும்பம்ணா. வீட்ல பைக் செயின் துடைக்கும்போது மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. முதலாளி சொல்லச் சொன்னாரு, ஆயுசுக்கும் உங்களுக்கு இங்க வேலை இருக்காம்."

நர்ஸ் கேட்டபோது ஸ்டெபின் பதில் சொல்லவில்லை. ஏகநாதனே சொல்லிவிட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பைக்கை ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, துணி வைத்துச் செயினைத் துடைத்ததாக அவராகவே விவரம் சேர்த்துச் சொன்னார். இத்தனைக்கும் இவருக்குப் பைக் கிடையாது. பதினாறு வருடமும் சைக்கிளில் போய் வந்தவர்.

மறுநாள் முதலாளி சூர்யநாராயணன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு செம்பாக்கத்திலிருந்து காரில் வந்து பார்த்தார். கையைப் பார்த்துக் கண்கலங்கினார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே கட்டினார். நாகலக்ஷ்மியிடம், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, அவன் என் தம்பி" என்றார். அவர் அழுதது நடிப்பில்லை என்று ஏகநாதன் இன்றுவரை சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அழுதுகொண்டே ஒருவனைக் கைகழுவ முடியும் என்பதை நான் இந்தக் கடையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன்.

குன்றத்தூர் முருகனுக்கு நாகலக்ஷ்மி வேண்டிக்கொண்டிருந்தாள். கை ஆறியதும் மலை ஏறி, உண்டியலில் வெள்ளித் தகட்டில் செய்த கை உருவம் போட்டார்கள். கடையில் ஐந்து விரல் உள்ள கைதான் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது கேட்டிலேயே ஸ்டெபின் நிறுத்தினான். வருகைப் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்தாயிற்றாம். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாக இரண்டு கடிதம் அனுப்பினார்களாம், பதில் இல்லையாம். அவன் கொடுத்த நகலில் கடிதங்கள் போன விலாசத்தைப் பார்த்தேன். அனகாபுத்தூர், பழைய வீடு. வெள்ளத்துக்குப் பிறகு பம்மலுக்கு இவர்கள் குடி மாறியபோது சாமான் ஏற்ற டெம்போ அனுப்பியதே முதலாளிதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நான் கத்தினேன். கம்பெனியில் அடிபட்டவன் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கி, அந்தச் சீட்டின் பேரில் ஓய்வில் இருந்தால், அந்த நாட்களில் அவனை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. சட்டத்தில் இருக்கிறது. அடித்து அடித்தே எனக்கு அது மனப்பாடம். கை நிரந்தரமாக ஊனமானால் ஆயுசுக்கும் உதவித்தொகை உண்டு. எல்லாம் அந்த ஒரு சீட்டில் இருந்து ஆரம்பிக்கிறது. இவர் கையில் இருந்த சீட்டிலோ பைக் செயின் என்று இருந்தது.

"உங்க வேலையை உங்க வாயாலேயே எழுதிக் கொடுத்துட்டீங்க" என்றேன்.

"வேல தரேன்னாருக்கா" என்றார். நாற்பத்தாறு வயதில், இரண்டு விரல் உள்ள வலது கைக்கு வேறு எவன் வேலை கொடுப்பான் என்று அவர் கேட்கவில்லை.

நலமறிய ஆவலை எல்லாம் அழித்துவிட்டு, தொழிலாளர் அதிகாரிக்கு நானே ஒரு மனு அடித்தேன். ஆதார் நகல் வேண்டும் என்றதும், போனில் இருக்கிறது பார்த்துக்கொள் என்று கொடுத்தார். தேடும்போது ஒரு படம் கண்ணில் பட்டது. விபத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. கழுவித் துடைத்த பிரஸ், மேலே வாழைக்கன்று, சாமந்தி மாலை. பக்கத்தில் புதுச் சட்டையில் ஏகநாதன், பத்து விரலோடு. மெஷினுக்கு மூன்று இடத்தில் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நெற்றி மாதிரி மேலே ஒன்று. இடப்பக்கப் பச்சைப் பட்டனில் ஒன்று. வலப்பக்கம் பட்டனே தெரியவில்லை, அதை அழுத்திக்கொண்டு ஒரு மரக்கட்டை நின்றது. அதன் மேலும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

"இது யார் வெச்சது?"

"நான்தாங்க்கா. அதுவும் மெஷினோட சேந்ததுதானே. அத்த மட்டும் எப்படி வுடறது?" என்றார் வெள்ளந்தியாக.

படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். தேதி, நேரத்தோடு படம். கம்பெனி சுவரில் எழுதியிருந்த பேர்கூடப் பின்னால் தெரிந்தது. சோதனை வரும்போதெல்லாம் டப்பாவில் ஒளித்துவைத்த பொருளுக்கு, பக்தியோடு பொட்டு வைத்து, நேரே நின்று படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இது ஒன்று போதும் என்றேன்.

ஏகநாதன் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "அத்த வுட்ருக்கா."

"ஏன்?"

"ஆறையும் செஞ்சது நானு. கட்டைய எடுத்துட்டா பசங்களுக்கு மூவாயிரம் கணக்கு வராது. அவங்க பொழப்பு கெட்டுப்பூடும். எனுக்கு வேல வந்தா போதும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படம் இல்லாமலே மனுவை அனுப்பினோம்.

பேச்சுவார்த்தைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் நாகலக்ஷ்மி தனியாகக் கடைக்கு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவள். நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. உங்களுக்கு நியாயம் பேசத் தெரியும். அவரு காலையில எழுந்து சட்டை போட்டுகினு, தலை வாரிகினு, அப்படியே கட்டில்மேல உக்காந்துகினு கீறாரு. சாயங்காலம் நான் வர்றவரைக்கும் அந்தச் சட்டை கசங்கறதில்ல. கேட்டுல நிக்கற வேல குடுத்தாலும் போதும். அவங்க இன்னா சொன்னாலும் கையெழுத்து போடச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? இஸ்திரி போட்ட நீலச் சட்டையின் ரகசியம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவரால் எழுத முடியாது என்பதால் உதவிக்கு நானும் கூடப் போனேன். ஒரு மேஜை. ஒரு பக்கம் அதிகாரி அம்மா. எதிரே ஒரு பக்கம் சூர்யநாராயணனும் ஸ்டெபினும். மறுபக்கம் நாங்கள். முதலாளியைப் பார்த்ததும் ஏகநாதன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவரும் பாதி எழுந்து, "கை எப்படிப்பா இருக்கு?" என்றார்.

அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பைக் செயினில் அடிபட்டதுன்னு இருக்கு. இது நீங்க சொன்னதுதானா?"

"நான்தாம்மா சொன்னேன்."

"அப்ப கம்பெனியில அடிபட்டதுன்னு மனுவில எழுதியிருக்கீங்களே?"

இவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேஜையைப் பார்த்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன்" என்று சூர்யநாராயணனே தொடங்கினார். "ஏகநாதன் எனக்குத் தம்பி மாதிரி. வெள்ளத்துல எங்க டை எல்லாத்தையும் காப்பாத்திக் குடுத்தவர். அவரை விட்டுட மாட்டேன். மனிதாபிமான அடிப்படையில கேட் டியூட்டி தரேன், நாளைக்கே வரட்டும். ஆனா வீட்டுல நடந்ததைக் கம்பெனி தலையில கட்டக் கூடாது. அடிபட்டது வீட்டுல, பைக்லன்னு ஒரு வரி எழுதி, இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டா போதும்."

தயாராக அடித்துக் கொண்டுவந்த காகிதத்தை ஸ்டெபின் மேஜைமேல் வைத்தான். அதிகாரி படித்துப் பார்த்தார். நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ, குரலில் அலுப்பு இருந்தது. "யோசிச்சுக்கங்க. கட்டாயம் இல்லை. வேலை வேணும்னுதானே கேட்டீங்க, குடுக்கறாங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாகலக்ஷ்மிக்குத் தலையாட்டியிருந்தேனே. அந்த நிமிஷம் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஏகநாதன் பேனாவை இடது கையில் எடுத்தார். விரல் போன பிறகு பழகிய கையெழுத்து. முதல் எழுத்தைப் போடப் போனவர் நிறுத்தி, ஸ்டெபினைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"என் மெஷின்ல இப்ப யாரு?"

"ஆபேல்ணா."

"கட்டை?"

ஸ்டெபின் கெட்டவன் இல்லை. இவரைச் சமாதானப்படுத்த வேண்டும், இவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றுதான் அவன் அதைச் சொன்னான். "உங்க ஒண்ணாம் நம்பர் கட்டைதாண்ணா. மாத்தவே இல்ல. அப்படியே இருக்கு."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி ஸ்டெபினின் முழங்கையைத் தொட்டார். ஏகநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த பணிவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்து, மேஜைமேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார். இடது கையால் போனைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"அம்மா, எனுக்குப் பைக்கே கிடையாதும்மா" என்றார். "இந்தக் கட்டை நான் செஞ்சது. இதுலதான் போச்சு. இப்ப அவன் கை அதுங்கிட்ட கீது."

அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். இந்தப் பொட்டு வைத்திருப்பது என்ன என்று கேட்டார். ஏகநாதன் விளக்கினார், கட்டில் கால் முதல் பிஸ்கட் டப்பா வரை. சூர்யநாராயணன் நடுவில் ஒரு தடவை, "உன்னைத் தம்பி மாதிரி வெச்சிருந்தேனேடா" என்றார். குரல் உடைந்திருந்தது. தான் கொண்டுவந்த காகிதத்தை அவரே எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கேட் வேலை அதோடு போயிற்று.

படம் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போனது. அடுத்த மாதமே இன்ஸ்பெக்டர்கள் வந்து ஆறு கட்டைகளையும் பையில் போட்டு, சீல் வைத்து எடுத்துப் போனார்கள். இரண்டு பட்டனையும் ஒவ்வொரு தடவையும் கையால் அழுத்தினால்தான் ஓடும் புது ஏற்பாட்டை ஆறு பிரஸ்ஸிலும் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்கள். கம்பெனி மூடவில்லை. முப்பது குடும்பமும் தெருவுக்கு வரவில்லை. ஆனால் மூவாயிரம் ஆயிரத்து எண்ணூறாகக் குறைந்தது. கூடுதல் துண்டுக்குக் கொடுத்த படியும் நின்றுவிட்டது. பம்மல் டீக்கடையில் ஏகநாதன் போய் உட்கார்ந்தால் பழைய கூட்டாளிகள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

சமரசம் முறிந்ததால் வேலை வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. இஎஸ்ஐயில் கை ஊனத்துக்கு மனு போட்டோம். கட்டை இருந்தது சரி, அன்றைக்கு அந்த மெஷினில்தான் விரல் போனது என்பதற்கு நேரில் பார்த்த ஒருவர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் பைக் செயின் என்றுதான் சொல்கிறது. நேரில் பார்த்தது ஒரே ஆள். நாலைந்து தடவை போன் செய்த பிறகு, போன வாரம்தான் ஆபேல் கடைக்கு வந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. சாட்சிப் படிவத்தை நான் நீட்டினேன், வாங்கவும் இல்லை. ஏகநாதன் முன்னால் போய் நின்றுகொண்டு, கையை நீட்டி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"படி போச்சு, ஒண்ணு. ஓவர்டைம் போச்சு, ரெண்டு. புள்ளைக்கு ஃபீஸ் கட்டல, மூணு. வண்டி டியூ ரெண்டு மாசம் நிக்குது, நாலு. என் பொஞ்சாதி செயினு அடகுக் கடையில கீது, அஞ்சு." அந்தக் கை முடிந்து மறு கைக்கு மாறினார். "சூப்பர்வைசரு மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. முதலாளி புது ஆளு வெக்கப் போறாராம். நாலு பேரு எனுக்கு முன்னாடியே வேற எடம் பாத்துட்டாங்கோ. எல்லாம் யாரால? சாட்சி வேற கேக்கறியா நீ? நான் ஒண்ணும் பாக்கல. அன்னிக்கு நான் டீ குடிக்கப் போய்ட்டேன், போ."

ஏகநாதன் ஆபேலின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் ஒவ்வொன்றாக மடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு ஆபேல் செருப்பை உதறி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி அந்த மனு நிற்காது, அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். "சட்டையைக் கழற்றி உங்க ரத்தத்தைக் கட்டினவன், பாக்கலன்னு சொல்லிட்டுப் போறான். நீங்க வாயை மூடிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?"

ஏகநாதன் கையெழுத்தில்லாத படிவத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நீலச் சட்டைதான்.

"எண்ணி எண்ணித் திட்டினான் பாத்தியாக்கா" என்றார். "அவனுக்கு எல்லா வெரலும் கீது."